கொழுப்பு: பாரமா, அவயவமா?



சர்க்கரை வியாதிக்காரர்கள் வரும் நாட்களில் நம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்து சென்றால் இரண்டு விதமான பேச்சு அடிக்கடி காதில் விழும். சரீரம் பருத்த ஒரு தாயாரிடம் கூட வந்தவர்கள், "வாயைக் கட்டினா எல்லாம் சரியாப் போகும்" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்வார்கள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொள்வார். இன்னொரு பக்கம் ஒல்லியான ஒரு பெரியவர், "ஈர்க்குச்சி மாதிரி இருக்கேன் ஐயா, எனக்கு எப்படிச் சுகரு வந்துச்சு? ரத்தத்தை மாத்தி எழுதிட்டாங்களோ?" என்று கேட்பார்.

ஒன்று குற்றச்சாட்டு, மற்றொன்று ஆச்சரியம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சரீரத்துக் கொழுப்பு என்பது தின்றதில் மிஞ்சியதைக் கட்டி வைத்த ஒரு மூட்டை; மூட்டை பெரிதானால் வியாதி, சிறிதானால் சுகம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கடந்த முப்பது ஆண்டுகளில் மருத்துவ ஆராய்ச்சி இந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. கல்லீரலையும் கணையத்தையும் போலக் கொழுப்பும் ஓர் அவயவம். அது ஹார்மோன்களைச் சுரந்து, இரத்தத்தின் வழியாக மூளையோடும் கல்லீரலோடும் தசைகளோடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு ஒழுங்காக இருக்கும்வரை சுகம்; கெட்டுப்போனால் வியாதி. இதைத்தான் இந்த இதழில் எளிய முறையில் விளக்க விரும்புகிறேன்.

சேமிப்புக் கிடங்கு

முதலில் கொழுப்புக்குச் சேரவேண்டிய நன்றியைச் செலுத்திவிடுவோம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி சக்தி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். ஆகவே குறைந்த இடத்தில் நிறைந்த சக்தியைச் சேர்த்து வைக்க அதைவிடச் சிறந்த பண்டம் சரீரத்தில் இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒரு சாதாரண மனிதரிடம் பத்துப் பன்னிரண்டு கிலோ கொழுப்பு இருப்பது இயல்பு. ஆகாரம் கிடைக்காத காலத்தில், தண்ணீர் மட்டும் இருந்தால், அது அவரைப் பல வாரங்கள் தாங்கும்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மழை பொய்த்தால் கஞ்சியும் பொய்க்கும் கரிசல் பூமி நம்முடையது. அறுவடைக் காலத்தில் கொஞ்சம் சதை போடுவதும், கோடையில் அது கரைவதுமாகவே இங்குள்ள சம்சாரிகளின் சரீரம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தது. குலுக்கையில் இருக்கும் தானியத்தைப் போல, கொழுப்பு அவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம்.

குலுக்கையில் எவ்வளவு தானியம் மிச்சம் இருக்கிறது என்று வீட்டு அம்மாவுக்குத் தெரிந்தால்தான் அன்றன்றைக்கு எவ்வளவு உலையில் போடலாம் என்று முடிவு செய்ய முடியும். சரீரத்தில் அந்தக் கணக்கை மூளைக்குச் சொல்வது யார்? இந்தக் கேள்விக்கு விடை ஓர் எலியின் மூலமாகக் கிடைத்தது.

குண்டு எலி சொன்ன செய்தி

1949-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுண்டெலிகளில் சில, பிறவியிலேயே ஓயாமல் தின்று, மற்ற எலிகளைவிடப் பல மடங்கு பருத்தன. பிற்பாடு அங்கே பணியாற்றிய டக்ளஸ் கோல்மன் என்பவர் ஒரு குண்டு எலியையும் ஒரு சாதாரண எலியையும் இரத்த ஓட்டம் ஒன்றாகும்படி இணைத்துப் பார்த்தார். குண்டு எலி தின்பதைக் குறைத்துக்கொண்டு மெலியத் தொடங்கியது. சாதாரண எலியின் இரத்தத்தில் "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, குண்டு எலியிடம் அது இல்லை என்று அவர் முடிவு செய்தார். வேறொரு வகைக் குண்டு எலியிடமோ அந்தப் பொருள் ஏராளமாக இருந்தது. ஆனால் அதைக் கேட்கும் காது அந்த எலியின் மூளைக்கு இல்லை.

அந்தப் பொருள் என்ன என்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின. 1994-ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஹார்மோன் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்த்தபோதுதான் மருத்துவ உலகம் வியந்தது. அது உற்பத்தியானது மூளையிலும் அல்ல, குடலிலும் அல்ல, கொழுப்பில்! "மெலிந்த" என்று பொருள்படும் லெப்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள்.

கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு லெப்டின் சுரக்கும். கொழுப்பு கரைந்தால் லெப்டினும் குறையும். குறைந்தவுடன் மூளை பஞ்சம் வந்ததாக எடுத்துக்கொள்ளும். பசியைத் தூண்டும், உடல் செலவைக் குறைக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் தளர்ந்துவிடும். பஞ்ச காலத்தில் பட்டினியோடு காய்ச்சலும் பேதியும் சேர்ந்து ஜனங்களை வாரிக்கொண்டு போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, கொழுப்பின் ஹார்மோனுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்பது இங்கேயே தெரிகிறது.

இரண்டு சிறு பிள்ளைகள்

1997-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுக்கு உறவான இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. எப்போதும் தீராத பசி. நம் ஊரில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் தாயைத்தான் முதலில் குறை சொல்வோம். சோதித்துப் பார்த்தபோது இருவர் சரீரத்திலும் லெப்டின் அறவே இல்லை என்று தெரியவந்தது. கிடங்கு நிரம்பி வழிந்தும், காலியாகக் கிடக்கிறது என்றே மூளை நம்பியிருக்கிறது. சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்ததாக 1999-இல் அறிவித்தார்கள். அந்தப் பிள்ளையிடம் ஒழுக்கக் குறைவு எதுவும் இருக்கவில்லை; ஒரு ஹார்மோன்தான் குறைந்திருந்தது.

இதைக் கேட்டதும் எல்லாப் பருமனுக்கும் லெப்டின் ஊசி போட்டுவிடலாமே என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித் தோன்றியது, ஆனால் பலிக்கவில்லை. உலகத்தில் பருமனாயிருக்கிறவர்களில் மிகச் சிலருக்கே இந்தப் பிறவிக் குறை உண்டு. மற்றவர்களின் இரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. ஓயாமல் கேட்கிற சத்தத்துக்குக் காது பழகிப்போவதுபோல, மூளை அதைச் சரியாகச் செவிகொடுத்துக் கேட்பதில்லை. அதேவேளையில், அவர்கள் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் லெப்டின் சட்டென்று இறங்குகிறது. உடனே பஞ்ச மணி அடிக்கிறது. பத்தியம் இருந்து மெலிந்தவர்கள் மறுபடி பருத்துவிடுவதற்கு இது முக்கியமான காரணம். மன உறுதி இல்லை என்று அவர்களைச் சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

உமி நெருப்பு

இனி அழற்சிக்கு வருவோம். வேலிக்கருவேல முள் காலில் தைத்தால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கும். இதற்குத்தான் அழற்சி என்று பெயர். கிருமியை அழிக்கவும் இறந்த திசுவை அப்புறப்படுத்தவும் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அங்கே விரைந்து வருவதால் இப்படி ஆகிறது. வேலை முடிந்ததும் அவை போய்விடும்; புண்ணும் ஆறிவிடும். இது நமக்கு நன்மையானது.

ஆனால் பருத்த சரீரத்தின் கொழுப்புக்குள் இன்னொரு வகை அழற்சி நடக்கிறது. அதில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வெளியே தெரிவதும் இல்லை. உமியில் போட்ட நெருப்பைப் போல உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவில் கோகான் ஹோட்டாமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் என்னும் விஞ்ஞானிகள் இதற்கு முதல் தடயத்தைக் கண்டார்கள். கிருமிகளோடு போராடும்போது வெள்ளணுக்கள் சுரக்கும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற இரசாயனம், பருத்த எலிகளின் கொழுப்பிலும் மிகுதியாக இருந்தது. அதை முறித்தபோது அந்த எலிகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. பத்து ஆண்டு கழித்து, 2003-இல், இன்னும் தெளிவான செய்தி வந்தது. இறந்தவற்றை விழுங்கிச் சுத்தம் செய்யும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் மெலிந்தவரின் கொழுப்பில் பத்தில் ஒரு பங்குக்குள்ளேதான் இருக்கும். மிகவும் பருத்தவரின் கொழுப்பிலோ நூற்றுக்கு நாற்பது வரை அவையே!

அவை ஏன் அங்கே கூடுகின்றன? கொழுப்பணு ஒவ்வொன்றும் எண்ணெய் நிரம்பிய சிறு பை போன்றது. அளவுக்குமேல் நிரப்பினால் அது விம்மி, நலிந்து, சில அணுக்கள் இறந்துபோகின்றன. அந்தப் பிணத்தைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் வளையமாக வந்து நிற்பதை நுண்ணோக்கியில் காணலாம். வந்தவை டி.என்.எஃப். ஆல்ஃபாவையும் இன்டர்லூக்கின்-6 முதலானவற்றையும் சுரக்கின்றன. அந்தச் சத்தம் கேட்டு இன்னும் பல வந்து சேர்கின்றன. பையில் எண்ணெய் வந்து விழுவது நிற்காதவரை அவர்கள் வேலையும் முடிவதில்லை. முள் குத்திய இடத்தில் இரண்டு நாளில் அடங்கும் நெருப்பு, இங்கே வருஷக்கணக்காக அடங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

லெப்டினும் இதில் சும்மா இருப்பதில்லை. அது குறைந்தால் எதிர்ப்புச் சக்தி தளர்வதுபோல, மிகுந்தால் வெள்ளணுக்களை உசுப்பிவிடுகிறது.

இந்தப் புகை கொழுப்போடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து சரீரம் முழுவதும் போகிறது. சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி இன்சுலின் தசைகளுக்குக் கட்டளை கொடுக்கிறது. அழற்சி இரசாயனங்கள் தசை அணுவுக்குள் அந்தக் கட்டளையை மழுங்கச் செய்கின்றன. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது; ஒருநாள் களைத்துப்போகிறது. அப்போதுதான் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கல்லீரல் இன்டர்லூக்கின்-6-ன் ஏவுதலால் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. இரத்தத்தில் அது சற்றே கூடியிருப்பவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுதல். இரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் பொருளையும், இரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருளின் மூலத்தையும்கூடக் கொழுப்பே உற்பத்தி செய்கிறது. சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு என்று தனித்தனி வாசல் வழியாக நம் மருத்துவமனைக்குள் வரும் வியாதிகள் பல ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவை என்பது இதனால் விளங்கும்.

சமாதானம் சொல்லும் ஹார்மோன்

கொழுப்பு சொல்வதெல்லாம் கெட்ட செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. 1995, 1996 ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஜப்பானின் ஒசாகாவிலும் ஆராய்ச்சியாளர்கள் கொழுப்பிலிருந்து வரும் இன்னொரு ஹார்மோனைக் கண்டார்கள். அதன் பெயர் அடிபோனெக்டின். லெப்டினைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அது இரத்தத்தில் இருக்கிறது. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குக் கீழ்ப்படிய அது உதவுகிறது, அழற்சியைத் தணிக்கிறது, இரத்தக் குழாய்களைக் காக்கிறது. ஆனால் ஒரு விநோதம் உண்டு. கொழுப்பு கூடக்கூட லெப்டின் கூடும்; அடிபோனெக்டினோ குறையும். நெருக்கடியில்லாத கொழுப்பணுவே அதைத் தாராளமாகச் சுரக்கிறது. விம்மிப் புழுங்கும் அணுவால் அது முடிவதில்லை. அதாவது, தீ அதிகமாகும் வீட்டில் தண்ணீரும் வற்றிவிடுகிறது.

கொழுப்பே இல்லாவிட்டால் சுகமாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. லிபோடிஸ்ட்ரோஃபி என்ற அரிய வியாதி உள்ளவர்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு ஏறக்குறைய இருப்பதே இல்லை. நரம்பும் தசையும் புடைத்து, பார்வைக்குப் பயில்வான்போல் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை வியாதியும், கொழுப்பு நிறைந்த கல்லீரலும் வந்துவிடுகின்றன. கிடங்கு இல்லாத ஊரில் தானியத்தைத் தெருவில் கொட்டவேண்டி வருவதுபோல, போக இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது. மற்றவர்களுக்குப் பலிக்காத லெப்டின் ஊசி இவர்களுக்குப் பலிக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கொழுப்பு இருப்பதல்ல கேடு. அது இருக்கவேண்டிய இடத்தில், தாங்கக்கூடிய அளவில் இருக்கிறதா என்பதே கேள்வி. தோலுக்கு அடியில், தொடையிலும் இடுப்பின் கீழும் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. வயிற்றறைக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்போ எளிதில் அழற்சி அடையக்கூடியது; அங்கிருந்து வடியும் இரத்தம் நேரே கல்லீரலுக்குப் போவதால் அதன் தீமையும் முதலில் கல்லீரலையே தாக்குகிறது.

ஒல்லியானவருக்கு ஏன் சர்க்கரை?

நம் பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. புனே நகரத்து கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் ஒன்றே: 22.3. எடைக் கணக்கில் இருவருமே சுகவாளிகள். ஆனால் சரீரத்தில் எத்தனை பங்கு கொழுப்பு என்று அளந்தபோது ஆங்கிலேயரிடம் 9.1 சதவீதமும், இந்தியரிடம் 21.2 சதவீதமும் இருந்தன. வெளியே ஒரே எடை. உள்ளே இரண்டு மடங்குக்குமேல் வித்தியாசம்.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்றும் யாஜ்னிக் காட்டியிருக்கிறார். புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த சிசுக்களின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவற்றுக்கு 3.5 கிலோ. நம் பிள்ளைகளிடம் தசையும் வயிற்று அவயவங்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாயின் வயிற்றில் ஆகாரம் குறைந்தபோதும் சரீரம் கொழுப்பைக் காத்துக்கொண்டு தசையை விட்டுக்கொடுத்திருக்கிறது. சர்க்கரையைச் செலவிடும் தசை குறைவு. தோலுக்கு அடியிலுள்ள கிடங்கும் சிறிது என்றால், பிற்காலத்தில் கொஞ்சம் மிஞ்சினாலும் அது வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் வழிந்துவிடுகிறது. அடிபோனெக்டினும் குறைகிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும், அதற்கு வழிகோலும் வயிற்றுப் பருமன் முதலான அறிகுறிகள் உள்ளவர்களுக்கும் இந்த ஹார்மோன் குறைவாக இருந்ததாகக் கண்டார்கள்.

தேசம் முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. அதன்படி இந்தியாவில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். எடைக் கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 சதவீதம். அதாவது, எடை பார்க்கும் மெஷின் "சரி" என்று சொல்லி அனுப்பிவிடும் அநேகரை இடுப்பு டேப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

நம் பக்கத்து வாழ்க்கை

திருவேங்கடம், சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு மாறிவிட்டது என்று உங்களில் ஊரை விட்டுப்போய் வெளியூரில் இருப்பவர்களுக்கும் தெரியும். கம்பும் சோளமும் குதிரைவாலியும் போட்ட இடத்தில் மூன்று வேளையும் அரிசி வந்துவிட்டது. பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் பொழுதுக்கும் குனிந்து நிமிர்ந்த பெண்கள், தீப்பெட்டி ஆபீஸிலும் பீடித் தட்டின் முன்பும் காலை மடக்கிச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிள். குற்றாலச் சீசனுக்குப் போனால் பரோட்டா என்றிருந்தது, இப்போது சாலையோரம் எங்கும், எந்த நாளும் கிடைக்கிறது. டீயில் இனிப்பு, டீயோடு வடை, இரவு ஒன்பதரைக்குமேல் சாப்பாடு.

பஞ்சத்துக்குப் பழகிய சரீரம், மிச்சம் பிடிக்கச் சிறிய கிடங்கு, ஓயாத வரத்து. பாடுபட்ட தசைகளுக்கு வேலையும் இல்லை. இவ்வளவும் சேரும்போது, பார்வைக்கு ஒல்லியாயிருந்து, வேட்டிக்கு மேலே சிறு தொப்பை மட்டும் தெரியும் நாற்பது வயதுக்காரருக்கு உமி நெருப்பு பற்றிக்கொள்கிறது. "நான் ஒல்லிதானே" என்று அவர் சோதித்துப் பார்ப்பதில்லை. காலில் ஆறாத புண்ணோடோ, கண் மங்கியோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டோ வரும்போதுதான் வியாதி தெரியவருகிறது. பருத்த சரீரமுள்ளவரோ, அங்கே போனால் எல்லார் முன்னிலையிலும் திட்டுவாங்கவேண்டும் என்று வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுகிறார். ஒருவரைத் தவறான ஆறுதலும், மற்றவரைத் தவறான நிந்தையும் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கின்றன.

போஜனப்பிரியத்தைப் பாவமென்று சபை பழங்காலந்தொட்டுப் போதித்து வந்திருக்கிறது; ஆறாம் நூற்றாண்டில் கிரகோரியார் வகுத்த ஏழு பெரும் பாவங்களில் பெருந்தீனியும் ஒன்று. ஆனால் அது மனிதன் ஆகாரத்தின்மேல் வைக்கும் இச்சையைப் பற்றிய தீர்ப்பு. அவன் இடுப்பின் சுற்றளவைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஒல்லியான மனிதனும் பெருந்தீனிக்காரனாய் இருக்கலாம். பருத்த தாயார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சியதை மட்டும் சாப்பிடுகிறவராய் இருக்கலாம். சரீரத்தைப் பார்த்து ஆத்துமாவுக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. இப்போது அதற்கு விஞ்ஞான ஆதாரமும் இல்லை.

நெருப்பை அணைக்கும் வழி

இந்த நெருப்பை அணைக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி. கொழுப்பணுவுக்குள் வரத்து குறைந்து நெருக்கடி தணிந்தால் அழற்சி அடங்கும். இன்சுலினுக்குத் தசை மறுபடியும் கீழ்ப்படியும். வயிற்றறைக் கொழுப்பு அசைந்து கொடுக்கக்கூடியது. நடப்பதாலும் உழைப்பதாலும் அது குறைகிறது. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளவும் வல்லது.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக் கணக்கில் 55 சதவீதம் பேருக்கு வியாதி வந்தது. நடையும் ஆகாரக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். கவனிக்கவேண்டியது இதுதான்: நடந்து பலன் அடைந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இறங்கவில்லையே என்று சோர்ந்து நடையை நிறுத்திவிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். முள் நகராவிட்டாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

2025-இல் நம் நாட்டுக்கு வந்த வாராந்திர எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவை கொழுப்பின் ஹார்மோன்கள் அல்ல. குடல் சுரக்கும் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவை. பசியை அடக்குகின்றன, சிலருக்கு மிகுந்த நன்மையும் செய்கின்றன. ஆனால் நிறுத்தினால் பசியும் எடையும் திரும்பும் இயல்புடையவை. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் யாரும் போட்டுக்கொள்ளலாகாது.

வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

தையற்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில், தொப்பையை உள்ளே இழுக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் நமக்குரிய எல்லை. தாண்டியிருந்தால், எடை எவ்வளவாக இருந்தாலும், சர்க்கரையும் பிரஷரும் சோதித்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுக்குமேல் எல்லை தாண்டாதவர்களும் சோதிப்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

தினமும் அரைமணி நேரம் விரைந்து நடவுங்கள். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு வையுங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, பயறு, பருப்பு, கீரை, காய்கறியைக் கூட்டுங்கள். கம்பும் குதிரைவாலியும் நல்லவைதான். ஆனால் அவற்றையும் அளவோடு உண்ணவேண்டும். டீயின் இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பெண்பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முட்டையும் பாலும் பருப்பும் குறைவில்லாமல் கொடுங்கள்; பிறக்கப்போகும் பிள்ளையின் தசை அதைப் பொறுத்தது. எடை குறைந்து பிறந்த சிசுவை மாவும் சீனியும் கொடுத்து அவசரமாகக் கொழுக்கவைக்காமல், தாய்ப்பாலில் வளரவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் பருத்த சரீரமுள்ளவர் இருந்தால் அவருடைய தட்டைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு, நாளைக் காலையில் அவரோடு கூட நடக்கப் போங்கள். ஒல்லியானவர் இருந்தால் அவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். இருவருக்கும் வேண்டிய மருந்து அது ஒன்றே.